லென்ஸ் அக்காவும் மஞ்சள் நூல் கட்டிய சாரணையும்

டி. கல்லுப்பட்டி வட்டாரத்துக் களைச்செடிகளுக்கு மட்டும் மனு எழுதத் தெரிந்திருந்தால், முதல் மனு லென்ஸ் அக்காவை வேறு மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லித்தான் போயிருக்கும். இரண்டாவது மனுவும் அதேதான். ‘நினைவூட்டல்’ என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கும்.

அவரோடு ஓர் உரக்கடையில் நாலு வருடம் வேலை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பூச்சிமருந்து விற்கிற கடையில் அதற்கென்று படித்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். நான் வேதியியல் பட்டதாரி. பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். சோளத்தட்டைக்கும் கரும்புக்கும் வித்தியாசம் கேட்டால் கடித்துப் பார்த்துத்தான் சொல்வேன். முதலாளி என் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதற்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு என்னையும் மாட்டினார். ஆறு மாதம் கழித்து வேளாண்மை டிப்ளமோ படித்த லென்ஸ் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து நான் பில் போடுகிற ஆள் ஆனேன்.

அக்கா என்றால் வயதில் மூத்தவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பதை ஒட்டி. ஊரே அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன லென்ஸ், பழைய ஷூ லேஸில் கோத்து எப்போதும் கழுத்தில் தொங்கும். கடைக்கு வருகிறவர் கும்பிட்டு நிற்பார்; அக்கா அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். கையில் களை இருக்கிறதா? வேரோடு இருக்கிறதா?

“அக்கா, களைக்கு ஒரு மருந்து குடுங்க.”

“என்ன களை?”

“அகல இலைக் களைதேன்.”

“எத்தனை இலை?”

“காடு பூராம் இலைதேன்!”

“ஒரு செடியில எத்தனை இலைண்ணே?”

“அதைப் போயி எண்ணிக்கிட்டா இருப்பாக?”

“எண்ணாமயா மருந்து அடிப்பாக? போயி வேரோட பிடுங்கிட்டு வாங்க. போங்க.”

வந்தவர் மூன்று மைல் டிவிஎஸ்ஸில் திரும்பிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். பாலித்தீன் பையில், செய்தித்தாளில், டிபன் பாக்ஸில், ஒருமுறை கல்யாணப் பத்திரிகை உறைக்குள் என்று களைகள் எங்கள் கடைக்கு வந்து இறங்கும். செல்போனில் படம் எடுத்து வந்தவர்களும் உண்டு. “போட்டோவுக்கு மருந்து ஸ்டூடியோவுல குடுப்பாக” என்று அனுப்பிவிடுவார். தேர்தல் நேரத்தில் மட்டும், தெருவுக்குக் கேட்கும்படி ‘ரெண்டிலையா, நாலிலையா’ என்று கேட்க வேண்டாமென்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு மாதமும் அக்கா விரலைக் காட்டிக் கேட்டார். அது இன்னும் வினையாகப் போனது.

இலை எண்ணிக்கையில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் கேட்டேன். அக்காவிடம் களைகளுக்கு ஒரு குடும்ப அட்டையே இருந்தது. மண்ணுக்குள் முளைக்காமல் கிடப்பது பிறக்காத பிள்ளை. இரண்டிலை கைப்பிள்ளை. நாலிலை பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எட்டிலை எளவட்டம். பூத்துவிட்டால் குடும்பஸ்தன்.

“கைப்பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இலை வழியா உள்ள போற மருந்து கேக்கும் சார். ஆனா பிறக்காததுக்கு இலை ஏது? அதுக்கு மண்ணுல தங்குற மருந்து வேணும். ரெண்டையும் கலந்து அடிச்சாத்தேன் இன்னைக்கு இருக்கிறதும் சாகும், நாளைக்கு வர்றதும் வராது.”

“குடும்பஸ்தனுக்கு?”

“அவன் எதுக்கும் அசைய மாட்டான். ரெண்டு நாளு வாடிப் படுப்பான். மூணாம் நாளு எந்திரிச்சு உக்காந்து, என்ன சாப்பாடும்பான்.”

நான் கல்யாணமானவன் என்பதால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கலப்பது என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. டேங்கைத் தோளில் மாட்டுவதே பெரும்பாடு. மாட்டியதுதான் மாட்டினோம், இருக்கிற எல்லாவற்றையும் ஊற்றிவிடுவோம் என்பார்கள். ஒருவர் களைமருந்தோடு பயிர் செழிக்கிற டானிக்கையும் சேர்த்து ஊற்றி அடித்துவிட்டு வந்து, களை சாகவில்லை என்று சண்டைக்கு நின்றார். அக்கா பொறுமையாகக் கேட்டார்: “ஏண்ணே, கொல்றதுக்கு ஒண்ணு, வளக்கிறதுக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே டேங்குல ஊத்துனா அந்தக் களை என்னண்ணே முடிவெடுக்கும்?” அவர் கொஞ்ச நேரம் களையின் நிலைமையை யோசித்துப் பார்த்துவிட்டு, சண்டையை மறந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு நாள் யாரோ சாம்பிளுக்கென்று ஒரு கட்டுத் தொய்யக்கீரையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். வயலில் முளைத்தால் களை, வாணலியில் வெந்தால் கீரை. முதலாளி அன்பளிப்பு என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் அக்கா மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முதலாளி, இங்கன இருந்த சாம்பிள் எங்க?”

“அதுவா... நேத்துக் கடைஞ்சு சாப்பிட்டோம்மா.”

“சாப்பிட்டது சரி. எத்தனை இலை இருந்துச்சு?”

முதலாளி மனைவிக்குப் போன் போட்டார். “நாலுல இருந்து ஆறு இருக்கும்னு சொல்றா” என்றார். அக்கா நம்பவில்லை. கீரை கடைகிற பெண்கள் இலையை எண்ண மாட்டார்கள் என்பது அவருடைய கட்சி. அந்த விவசாயி மறுபடி ஒரு கட்டுப் பிடுங்கி வந்த பிறகுதான் மருந்து கிடைத்தது. இரண்டாவது கட்டும் மாலையில் காணாமல் போனது. கேட்டதற்கு முதலாளி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

கடையில் வாடகைக்கு விட இரண்டு தெளிப்பு டேங்குகள் இருந்தன. நீலம் பூச்சிமருந்துக்கு, சிவப்பு களைமருந்துக்கு. சிவப்பு டேங்க் திரும்பி வந்தால் அக்கா சலவைச் சோடா போட்டு ஏழு தடவை கழுவுவார். கழுவிய தண்ணீரை வாசலில் தொட்டியில் வளர்க்கும் தக்காளிச் செடிமேல் தெளிப்பார். களைமருந்து மிச்சம் இருந்து இரண்டு நாளில் இலை சுருண்டால் மறுபடி ஏழு தடவை. அந்தத் தக்காளி வகையில் வருடத்துக்கு ஆறேழு உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்களில் வெள்ளைச்சாமி என்று ஒரு பருத்திக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவரை அக்கா மூன்று முறை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். முதல் முறை வேர் இல்லை. இரண்டாம் முறை செல்போன் படம். மூன்றாம் முறை, அவசரத்துக்குப் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கச் சிவப்பு டேங்க் கேட்டார்.

“ஏத்தா, கழுவித்தான வச்சிருக்க?”

“கழுவித்தேன் இருக்கு மாமா. ஆனா தக்காளி இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

“தக்காளிகிட்டக் கேட்டுத்தேன் நான் வெள்ளாமை பண்ணணுமாக்கும்!” என்று கத்திவிட்டுப் போனவர், ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை.

இப்படிப்பட்ட லென்ஸ் அக்கா போன வருடம் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்கினார். அவர் குடும்பத்தில் பட்டாவில் ஒரு பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. அவருடைய அம்மா அடுத்தவர் காடுகளில் களை எடுத்தே காலத்தை ஓட்டியவர். அக்காவும் சின்ன வயதில் களையெடுப்புக் காலம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவோடு வரிசையில் உட்கார்ந்தவர்தான். “ஒவ்வொரு களையும் எந்த வயசுல எப்பிடிப் பிடுங்கிட்டு வரும்னு கைக்குத் தெரியும் சார். அந்தக் கை இனிமே களை எடுக்கக் கூடாதுன்னுதேன் இந்தப் படிப்பையே படிச்சேன்” என்று ஒருமுறை சொன்னார். லென்ஸின் கதை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்கு முன் நான் அவரைக் கேலி செய்தது எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் மறுபடி கேலியைத் தொடர்ந்தேன்.

புஞ்சையில் மக்காச்சோளம் விதைத்தார். தண்ணீர் முதலில் பாயும் தலைமடைப் பக்கம் முப்பது சென்ட் நனைந்ததும் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அதற்குப் புதுக் கம்பி சுற்றி மாட்டி, கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேரப் பத்து நாள் ஆயிற்று. பயிருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் களைகள் அப்பன் மகன் மாதிரி இரண்டு தலைமுறையாக முளைத்தன. தலைமடையில் சாரணை என்கிற களை நாலிலை விட்டபோது கடைமடையில் ஒன்றுமே பிறக்கவில்லை.

வேறு யாராவது இந்த நிலைமையில் சாம்பிளோடு வந்திருந்தால், “ரெண்டு தடவையா அடிங்கண்ணே, தலைமடைக்கு இன்னைக்கு, கடைமடைக்குப் பத்து நாள் கழிச்சு” என்று அக்கா ஒரு நொடியில் சொல்லியிருப்பார். சொந்தக் காடு என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. முழுக் காட்டுக்கும் ஒரே நாளில், ஒரே கலவையை, ஒரு செடிகூடத் தப்பாமல் அடித்துக் காட்ட வேண்டும். “கடைமடையும் முளைச்சு வரட்டும் சார், ஒண்ணுபோல அடிச்சுருவோம்” என்றார். பத்துச் சாரணைகளின் தண்டில் மஞ்சள் உல்லன் நூலைக் கட்டி வைத்து, தினம் காலையில் போய் லென்ஸ் வைத்து இலை எண்ணினார். எண்ணியதைக் கடைக்கு வந்து எனக்கும் சொல்வார். எனக்குக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரியே ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

கடைமடை நாலிலைக்கு வந்த நாளில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் அக்கா கடைக்கு வந்து, என் மேஜையில் ஒரு சாரணையை வேரோடு வைத்தார். வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கம் போய் நின்றுகொண்டார்.

“கேளுங்க சார்.”

“என்ன கேக்க?”

“என்கிட்ட வந்தவுகளை நான் கேப்பேன்ல, அதைக் கேளுங்க.”

தயங்கிக் கேட்டேன். “எத்தனை இலை?”

“பன்னெண்டு. பூத்துருச்சு.” இலைக் கக்கத்தில் கடுகளவு ஒளிந்திருந்த பூவைக் காட்டினார். “இம்புட்டு நாளு எங்க போயிருந்தீகன்னு கேளுங்க.”

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

கடைமடை இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்; அதற்கு வழி இருந்தது. ஊறுகாய் பாட்டிலில் இரண்டு மருந்தையும் கொஞ்சம் கலந்து, திரிகிறதா என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே போய் அடித்தார். தலைமடையில்தான் சிக்கல். முப்பது சென்ட் முழுக்கக் குடும்பஸ்தர்கள். சும்மா விட்டால் விதை கொட்டி, அடுத்த போகத்துக்கு ஒன்றரை ஏக்கரும் சாரணைக்குத்தான் பட்டா. அவற்றைக் கொஞ்சமாவது முடக்க டூ ஃபோர் டி என்ற மருந்து கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில் இருந்தது. ஆனால் அக்காவின் காட்டுக்குக் கிழக்கே வெள்ளைச்சாமியின் பருத்தி நின்றது. அந்த மருந்தின் சாரல் காற்றில் வந்து பட்டாலே போதும், பருத்தி இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகச் சுருங்கிவிடும்.

“காத்தில்லாத நேரமாப் பாத்து அடிச்சுட்டு வந்துரும்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்றார் முதலாளி.

“காத்து என்கிட்டச் சொல்லிட்டா முதலாளி வரும்? அவரு பருத்தி இப்பத்தேன் சப்பை கட்டி மொட்டு மொட்டா நிக்கிது. நான் மாட்டேன்.”

மிச்சம் ஒரே வழி, கையால் பிடுங்குவது. கூலிக்கு ஆள் தேடினார்; அந்த வாரம் ஒருத்தரும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் இதைச் சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் இறங்கிப்போனது.

“நேத்துல இருந்து ஆத்தா தானாப் போயி களைக்கொத்தோட உக்காந்துக்கிருது சார். அடுத்தவுக காட்டுல குனிஞ்சே அதுக்கு முதுகு வளைஞ்சு போச்சு. சொந்தக் காடு வாங்கியும் அதே வேலையத்தான் நான் அதுக்குக் குடுத்திருக்கேன்.”

நாலு வருடத்தில் லென்ஸ் அக்கா தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த வாரத்தில்தான். பார்க்கச் சகிக்கவில்லை. தலைக்கனத்தோடு இருக்கிற லென்ஸ் அக்காதான் எனக்கு வேண்டும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் திருப்பரங்குன்றத்தில் ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். அக்கா போயே ஆக வேண்டும். தனியாக விட்டால் காட்டுக்குப் போய்விடும் என்று அம்மாவையும், முருகனைக் கும்பிட்ட மாதிரியும் ஆகட்டும் என்று சொல்லிக் கூட்டிப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தார், தானே உட்கார்ந்து பிடுங்க.

சனிக்கிழமை காலை. அக்காவின் நாற்காலி காலி. மருந்து கேட்டு முதலாவதாக வந்து நின்றவர், ஒரு மாதமாக எட்டிப் பார்க்காத வெள்ளைச்சாமி. வரப்போரத்துக் களைக்கு மருந்து வேண்டுமாம். அக்கா இல்லை என்று தெரிந்துதான் வந்திருக்கிறார் என்பது அவர் மீசையிலேயே எழுதியிருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“சாம்பிள் எங்கண்ணே?”

“உங்க அக்காதேன் இல்லைல? சும்மா குடுப்பா.”

“அக்கா இல்லாட்டியும் ரூல் உண்டுண்ணே. இந்த வாரம் ரூல் கொஞ்சம் மாறியிருக்கு. சாம்பிள் லென்ஸ் அக்கா காட்டுத் தலைமடையில இருந்து மட்டும்தான் எடுக்கணும். சாரணை, வேரோட. ஒரு உரச்சாக்கு நிறைய.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஒரு தைரியத்துக்குச் சுவரில் இருந்த என் சான்றிதழைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

“என் பருத்திக்காகத்தேன் அது மருந்து அடிக்காம விட்டுச்சாமே, நிசமா?”

“நிசம்தாண்ணே. என் கண் முன்னாலதான் மாட்டேன்னுச்சு.”

மீசையைத் தடவினார். “ஒரு சாக்கு எப்பிடிப்பா பத்தும்? ஆளுக்கு ரெண்டுன்னு போடு” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அடுத்து வந்தவருக்கும் அதே ரூலைச் சொன்னேன். அதற்கடுத்து வந்தவர், “சொல்லாதீக சார், வழியிலயே வெள்ளைச்சாமி அண்ணே சொல்லிட்டாரு” என்று சாக்கை உதறிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பதினாலு பேர் போய் வந்திருந்தார்கள். சிலர் வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போனார்கள். எல்லோரும் ஏதோ ஒரு நாள் அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு மூன்று மைல் திரும்பிப் போனவர்கள்தான். போகிறபோது அவர்கள் முகத்தில் பழிவாங்கப் போகிற சந்தோஷம் அப்படி இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வந்தபோது கடை வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு செடி கையில், முகத்தில் சிரிப்பே இல்லை. சாக்குகளைப் பின்பக்கம் மறைத்து வைத்திருந்தேன். அக்கா லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

“பன்னெண்டு இலை. பூத்துருச்சு. இம்புட்டு நாளு எங்கண்ணே போயிருந்தீக?”

“தப்புத்தேன்த்தா.”

அடுத்த செடி. “இதுவும் பன்னெண்டு. ஏண்ணே, நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறது உங்களுக்குக் கேக்கவே கேக்காதா?”

“கேக்கும்த்தா. மறந்துட்டேன்.”

மூன்றாவது செடிக்கு அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. “அதெப்பிடி ஊரு பூராம் ஒரே நாள்ல பூத்துச்சு?”

நாலாவதாக வெள்ளைச்சாமி ஒரு சாரணையை வெற்றிலை பாக்கு வைக்கிற மாதிரி மேஜையில் வைத்தார். அதன் தண்டில் மஞ்சள் உல்லன் நூல் கட்டியிருந்தது.

நான் பின்பக்கக் கதவைத் திறந்து சாக்குகளைக் காட்டினேன். “முப்பது சென்ட்டும் சுத்தம்த்தா. வேணும்னா லென்ஸை எடுத்துட்டு வந்து பாரு” என்றார் வெள்ளைச்சாமி. அக்கா நிமிரவில்லை. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அந்தச் செடிமேலேயே குனிந்திருந்தார். லென்ஸ் வைத்த கண்ணில் நீர் கட்டினால் எதிரில் நிற்கிறவர்களுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடைசியில் செடியைத் திருப்பி வேரைப் பார்த்தார். “மாமா, வேரு பாதியில அறுந்திருக்கு. திரும்பத் தழைஞ்சு வந்துரும்.”

“அதுக்கென்னத்தா, மிச்ச வேர எடுக்க ஒருக்க வாரேன்” என்றார் வெள்ளைச்சாமி. அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பதினாலு பேருக்கும் மருந்து கொடுத்தார், எத்தனை இலை என்று கேட்காமல். எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், எனக்கு ஒரு மணி நேரம் லீவு வேணும். ஆத்தா இந்நேரம் களைக்கொத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கும். போயி, வேலை இல்லைன்னு சொல்லணும்.” ஸ்கூட்டர் சாவியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்.

மேஜையில் கிடந்த அந்த மஞ்சள் நூலை அவிழ்த்து, சுவரில் என் சான்றிதழ் தொங்குகிற ஆணியில் கட்டினேன். இப்போது நான் அந்தக் கடையில் இல்லை. சான்றிதழையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நூலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே விவசாயத்துக்கு அதுதான் சாட்சி. அக்காவின் கண் முன்னால் இருக்கட்டும்.